11 வயது மகனுக்கு கருவிலேயே மதுவால் பாதிப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தத்தெடுத்த மகனுக்கு 11 வயது. நேற்று ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாக ஒப்பித்தான். இன்று காலை ‘மூவேழு’ என்றதும் என் முகத்தையே பார்க்கிறான். மணி பார்க்க இன்னும் வரவில்லை. வகுப்பிலேயே குள்ளம். பள்ளியில் ‘சேட்டை’ என்று முடித்துவிடுகிறார்கள்.

பெற்றவர் கர்ப்பத்தில் குடித்ததாகக் காப்பகக் குறிப்பில் இருந்தது. பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் இவனுக்கு வழவழவென்று இருக்கிறது, மேலுதடும் மெலிசு. இவை கருவில் மது பாதித்ததன் அடையாளமாக இருக்கலாம்; ஆனால் முகத்தில் எதுவும் தெரியாமலும் இந்தப் பாதிப்பு இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யவும் முடியாது.

அடுத்த வாரம் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) போகிறோம். இந்த வயதில் கண்டறிந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? டாக்டரிடம் எதையெல்லாம் மறக்காமல் சொல்ல வேண்டும்? அப்புறம், தமிழ் பேசும் சிறப்புக் கல்வி ஆசிரியர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.