தூரன் பாட்டுக் கச்சேரிக்கு நிதி: புதுப்பிப்பு

பண்ணைக்காட்டில் பெரியசாமித் தூரன் (1908–1987) பாடல்களுக்கு ஒரு கச்சேரி, கூடவே அவற்றைப் பற்றி ஓர் ஆய்வு. நிதி எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் மத்தியக் கலாசார அமைச்சகத்தைக் கைகாட்டினீர்கள். விசாரித்தால், இரண்டும் ஒரே மனுவில் போகாதாம். கச்சேரி மானியத்துக்குப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். எங்கள் பஜனைக் குழுவோ ஒரு வரவு செலவு நோட்டோடு சரி.

ஆய்வுக்குத் தனிநபரே விண்ணப்பிக்கலாம். 25 முதல் 40 வயதுக்குள் ஜூனியர் ஃபெல்லோஷிப் என்ற ஆய்வு உதவித்தொகை, மாதம் 10,000 ரூபாய், 2 ஆண்டுகள். அக்கா மகள் அதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தமிழ்க் கலைக்களஞ்சியம் தொகுத்த தூரனை எல்லோருக்கும் தெரியும், கீர்த்தனை எழுதிய தூரனை எடு என்றேன். ‘கலியுக வரதன்’ பழனி முருகன் மேல் பாடியதுதானே, அதுவும் பிருந்தாவன சாரங்கா ராகத்தில்!

சங்கப் பதிவு ஆகும்போது ஆகட்டும். தைப்பூசத்துக்கு வசூல் போட்டே கச்சேரி. மைக் செட் அண்ணன் பாதி வாடகை போதும் என்றுவிட்டார்.