மக்கும், சிதையும், எருவாகும்: எதை எழுதுவது?

அன்புடையீர்,

கோயில் அறிவிப்பில் பயோடிகிரேடபிள் (நுண்ணுயிர்களால் சிதைவது), கம்போஸ்டபிள் (எருவாக மாறுவது) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'மக்கும்' ஒன்றே போதும் என்று ஐயா நேற்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. (வகுப்பில் அந்தச் சொல்லை எழுதினால் பிள்ளைகள் சிரிப்பது தனிக்கதை.)

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டின் இரவுச் சந்தையில் முறுக்கு வாங்கியபோது பச்சை இலைப்படமும் 'பயோடிகிரேடபிள்' என்ற சொல்லும் போட்ட பை ஒன்று கிடைத்தது. கறிவேப்பிலைச் செடியடியில் வாழைப்பழத் தோலோடு சேர்த்துப் புதைத்தேன். எட்டு மாதம் கழித்து மண்வெட்டியில் சிக்கியது. தோல் போன இடம் தெரியவில்லை. பையில் கைப்பிடி மட்டும் கிழிந்திருந்தது. இலையின் பச்சைகூட மங்கவில்லை. பை பொய் சொன்னது என்றும் சொல்ல வழியில்லை. எங்கே, எத்தனை சூட்டில், எத்தனை நாளில் என்று அது வாயே திறக்கவில்லையே!

கம்போஸ்டபிள் என்று சான்றிதழ் தருபவர்கள் கேட்பது அதைத்தான். பொதிவுப் பொருள்களுக்கான ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரத்தின்படி, ஏறக்குறைய 58 பாகை செல்சியஸ் சூட்டில் ஆறு மாதத்துக்குள் பொருளில் 90 விழுக்காடு நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும். 12 வாரம் எருக்குவியலில் கிடந்ததை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. அந்த எருவில் பயிரும் ஒழுங்காக வளர வேண்டும். என் கொல்லையில் 58 பாகைக்கு எங்கே போவேன்? செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையைக் குவித்து, ஆலைக் கழிவுநீர் தெளித்துக் கிளறும் மேட்டில் அந்தச் சூடு கிடைக்கும். வீட்டுக் குழிக்கென்று 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' என்ற தனிச் சான்று இருக்கிறது: 20 முதல் 30 பாகை, ஓராண்டு.

ஆகவே பயோடிகிரேடபிளுக்கு 'உயிரிச்சிதைவுறும்', கம்போஸ்டபிளுக்கு 'எருவாகும்'. சான்று பேசும் இடத்தில் 'ஆலையெருவாகும்', 'வீட்டெருவாகும்' என்று பிரித்துவிடலாம். எரு என்றால் சாணம்தானே என்பீர்கள். தழையெரு என்று நாம் சொல்வதில்லையா? கம்போஸ்டபிளுக்கு 'மட்குரமாகும்' (மட்கிய உரமாகும்) என்பதும் இலக்கணப்படி சரிதான், ஆனால் எங்கள் தோட்டத்துப் பாட்டிகள் வாயில் நுழையாது.

ஆக்சோ பிளாஸ்டிக்குக்கு (விரைவில் உடையும்படி வேதிப்பொருள் கலந்த பிளாஸ்டிக்) இவற்றில் எதையும் தர மாட்டேன். அது துகளாக உடைகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு சட்டத்திலேயே தடை விதித்துவிட்டது. 'பொடியாகும்' என்று எழுதினால் தகும்.

கோயில் அன்னதானத் தட்டுகளை எந்தத் தொட்டியில் போடுவது என்ற அறிவிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், ஐயா.