லித்தியம் சாப்பிடும் தம்பி உப்பில்லா விரதம் இருக்கலாமா?

கேள்வி (அக்கா):
இருதுருவ மனநிலைக் கோளாறுக்காகச் சில ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டுவரும் என் தம்பி, வேலைக்கும் ஒழுங்காகச் சென்று வருகிறான். சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, உப்பில்லாமல் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருக்க விரும்புகிறான். சாமிக்கு நேர்ந்துகொண்டவனுக்கு மாத்திரை எதற்கு, அதையும் நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. எதில் ஆபத்து அதிகம்?

பதில் (மருந்தாளுநர்):
இரண்டிலும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கையாளுவதால், உப்பும் நீரும் குறைந்து வெயிலில் வியர்க்கும்போது, உடல் சோடியத்தை விடாமல் பிடித்துவைக்கும் முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்துத் தேக்கிக்கொள்ளும். மாத்திரையைக் கூட்டாமலேயே இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். நீண்டகாலச் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் கைநடுக்கம் மிகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் எனத் தொடரும், அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடால் சிலர் இறந்ததை அடுத்து, 1949-இல் அது விலக்கப்பட்டது. அளவுமீறிய மனக்கிளர்ச்சியான பித்துநிலைக்கு லித்தியம் பயன்படுகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியதும் அதே ஆண்டில்தான் என்பது வேடிக்கை.

பதில் (லித்தியம் சாப்பிடுபவர்):
திடீரென நிறுத்துவதை நான் இன்னும் அஞ்சுவேன். அப்படி நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களுக்குள்ளேயே பித்துநிலை திரும்பும் வாய்ப்பும், தற்கொலை அபாயமும் கூடுகின்றன. நலமாக இருப்பதே மருந்தால்தான் என்பதை அம்மாவுக்கு மருத்துவர் வாயால் சொல்லவைப்பது நல்லது. பிள்ளைகள் சொன்னால் எடுபடாது. நான் மஞ்சள் உடுத்தி, அசைவம் தவிர்த்து, தரையில் படுக்கிறேன். உப்பையும் தண்ணீரையும் மட்டும் குறைப்பதில்லை. ஆனால் இரவெல்லாம் கண்விழிப்பதும் வேண்டாம், ஏனெனில் தூக்கம் கெடுவதே எங்களில் பலருக்குப் பித்துநிலையைக் கிளப்பிவிடுகிறது.

அக்கா:
மிக்க நன்றி. பூசாரியிடம் பேசினேன், உப்புப் போட்டே உண்ணட்டும் என்று அவரே அம்மாவிடம் கூறிவிட்டார். வெறுங்காலுடன் நடந்து கால் வலித்தால் டைக்ளோஃபினாக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர்:
வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் இரண்டுமே லித்தியத்தின் அளவை ஏற்றும், பாராசிட்டமால் போதும். திருவிழாவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டுமாதலால், அன்று காலை மாத்திரையைப் பரிசோதனை முடிந்தபின் கொடுங்கள்.