ஜான் கஸாலின் மேடை நாட்களைப் பற்றித் தகவல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகர்கள் அல் பச்சினோ, ராபர்ட் டி நீரோ இருவருடனும் நடித்து, 1978இல் 42 வயதிலேயே புற்றுநோயால் மறைந்த இத்தாலிய வழி அமெரிக்க நடிகர் ஜான் கஸாலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அவர் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்தே. ஐந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றும், அவருக்கென்று ஒரு பரிந்துரைகூடக் கிடைக்காதது எனக்கு ஆறாத வருத்தம். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில், சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி, தம்பி தன்னைத் தாண்டிப் போய்விட்டதைச் சொல்லிக் குமுறும்போது, நிமிர்ந்து உட்காரவும் இயலாமல் அவர் உடல் தவிப்பதைப் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

படங்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். எனக்குத் தேவை மேடை பற்றிய செய்திகள். இஸ்ரேல் ஹோரோவிட்ஸின் ‘தி இந்தியன் வாண்ட்ஸ் தி பிராங்க்ஸ்’ நாடகத்தில், நியூயார்க்கில் வழிதவறி நிற்கும், ஆங்கிலம் அறியாத குப்தா என்ற இந்தியராகக் கஸால் நடித்தார். அவரை வதைக்கும் இளைஞர்களுள் ஒருவராகப் பச்சினோ நடிக்க, இருவருக்கும் நியூயார்க்கின் சிறு அரங்க நாடகங்களுக்கான ஓபி விருது கிடைத்தது. அந்த இந்தி வசனங்களை அவர் எவ்வாறு பயின்றார் என்பதே என் முதன்மையான கேள்வி. நாடகப் பிரதியோ, 1968ஆம் ஆண்டு விமர்சனங்களோ, ஒளிப்படங்களோ வைத்திருப்பவர்களும், அவை கிடைக்கும் நூலகத்தை அறிந்தவர்களும் அன்புகூர்ந்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.