டகோட்டா பட்டாவிலிருந்து நார்வேப் பண்ணை வரை: மூன்று சகோதரர்களுக்கு மூன்று குடும்பப் பெயர்கள்?

கேள்வி: ஏட்டுச்சுவடி

வட டகோட்டாவின் ட்ரெயில் கவுன்டியில் ஹோம்ஸ்டெட் முறையில் (குடியிருந்து பயிர் செய்தவருக்கு அரசு நிலம் தரும் முறை) 160 ஏக்கர் பெற்ற ஒரு நார்வே விவசாயக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுக்கிறேன். கையில் இருப்பவை: 1885-இல் கொடுக்கப்பட்ட பட்டாவின் நகல், 1870-இல் அவர்கள் மினசோட்டாவின் ஃபில்மோர் கவுன்டியில் இருந்ததைக் காட்டும் கணக்கெடுப்பு, 1869-இல் குடியேறினார்கள் என்று சொல்லும் 1900 கணக்கெடுப்பு. பிறந்த ஊர் எதிலும் இல்லை. 'நார்வே' என்பதோடு நின்றுவிடுகிறது.

மூன்று சகோதரர்கள் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் லார்சன், இன்னொருவர் ஹௌகன், மூன்றாமவர் ஓல்சன். நியூயார்க் கப்பல் பட்டியல்களில் மூன்று பெயரையும் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. நார்வே ஆவணங்களுக்குள் எப்படி நுழைவது?

பதில்: நிலவரை

இப்போதே நார்வேக்குத் தாவாதீர்கள். ஹௌகன் என்ற பெயரில் நார்வே முழுக்க ஏராளமான பண்ணைகள் உண்டு. எந்தத் திருச்சபை வட்டாரம் என்று தெரியாமல் தேடினால் வேறொருவரின் தாத்தாவைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

பட்டா என்பது கடைசித் தாள் மட்டுமே. அதற்கு முந்தைய விண்ணப்பக் கோப்பு முழுதாக வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதைக் கேட்டுப் பெற மாநிலம், நில அலுவலகம், இறுதிச் சான்றிதழ் எண், நில விவரம் நான்கும் வேண்டும். நான்கும் பட்டாவிலேயே இருக்கின்றன. ஃபார்கோ அலுவலகமா, கிராண்ட் ஃபோர்க்ஸா என்று கவனமாகப் பாருங்கள், சான்றிதழ் எண் அலுவலகத்துக்கு அலுவலகம் தனித்தனி வரிசை.

கோப்பில் என்ன இருக்கும்? 1862 சட்டப்படி விண்ணப்பதாரர் குடிமகனாகவோ, குடிமகனாகும் எண்ணத்தை நீதிமன்றத்தில் அறிவித்தவராகவோ இருக்க வேண்டும். எனவே அந்தக் குடியுரிமைத் தாளின் நகல் இருக்கும். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்ததற்கான இறுதி வாக்குமூலத்தில் வீட்டின் அளவு, கிணறு, கொட்டகை, எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் வரும். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது சாட்சிகள். வாக்குமூலத்துக்கு முன் செய்தித்தாளில் வரும் அறிவிப்பில் நான்கு பேரின் பெயர் இருக்கும், அவர்களில் இருவர் வந்து சாட்சி சொல்வார்கள். பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். அவர்களில் மைத்துனரோ பழைய ஊர்க்காரரோ இருக்க நல்ல வாய்ப்புண்டு. உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் சாட்சியின் ஊர் தெரியவரலாம்.

நிலத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். நில அளவையில் டவுன்ஷிப் என்ற ஒரு சதுரம் 36 சதுர மைல், அது 36 செக்‌ஷன்களாகப் பிரியும், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அதன் கீழே 7-இல் திரும்பிக் கிழக்கே வரும். இந்தத் திருப்பத்தை மறந்தால் அடுத்த வீட்டுக்காரரை ஐந்து மைல் தள்ளி வைத்துவிடுவீர்கள். 16, 36 இரண்டும் பள்ளிக்கூட நிலம். ரயில்வே மானியம் இருந்த பகுதிகளில் ஒற்றைப்படை செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிக்குப் போயின, அங்கே வாங்கியவரின் பத்திரத்தைக் கவுன்டி பதிவகத்தில்தான் தேட வேண்டும்.

இன்னொன்று: இணையத்தில் உள்ள பட்டாத் தேடலில் பட்டா முடிந்த மனுக்கள் மட்டுமே தெரியும். கைவிட்ட மனுக்களும் மரம் நடும் சட்டத்தின்படி (1873) எடுத்துத் தோற்றுப்போன மனுக்களும் நில அலுவலகத்தின் பதிவேட்டில்தான் கிடைக்கும். புல்வெளியில் மரம் பிழைக்காமல் போனது அதிகம், அதனால் இந்தப் பதிவேட்டை விட்டுவிடக் கூடாது.

பதில்: வேர்க்கொடி

பெயர் விஷயம். லார்சன், ஹௌகன் இருவரும் ஒரே தந்தையின் மக்களாக இருப்பதில் சிக்கலே இல்லை. லார்சன் என்றால் லார்ஸின் மகன். ஹௌகன் அவர் வாழ்ந்த பண்ணை. பண்ணை மாறினால் பெயரின் அந்தப் பகுதியும் மாறும். நிலையான குடும்பப் பெயரை நார்வே சட்டமாக்கியது 1923-இல்தான். குடியேறியவர்கள் அமெரிக்காவில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டார்கள். ஒரே தெருவில் பல லார்சன்கள் இருந்து கடிதம் மாறிப் போனால், பண்ணைப் பெயருக்கு மாறிவிடுவார்கள்.

ஆனால் ஓல்சன் இடிக்கிறது. தந்தை லார்ஸ் என்றால் மகன் ஓல்சன் ஆக முடியாது. தாய் வழியில் மட்டும் சகோதரராக இருக்கலாம், சகோதரியின் கணவராக இருக்கலாம், அல்லது ஓலே லார்சன் என்பவரின் மகனாக, அதாவது அடுத்த தலைமுறையாக இருக்கலாம். 'மூன்று சகோதரர்கள்' என்ற குடும்பக் கதையை ஆவணம் கிடைக்கும்வரை நம்பி எழுதாதீர்கள்.

ஊரைத் தரக்கூடியது லூதரன் சபைப் பதிவேடு. போதகர்கள் பலர் உறுப்பினரின் பிறந்த வட்டாரத்தையும் எழுதிவைத்தார்கள். ட்ரெயிலில் மட்டுமல்ல, ஃபில்மோரிலும் தேடுங்கள்; முதல் சபையில்தான் விவரம் முழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1880-களில் முன்குறிப்புக் கொள்கை (யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்தார் என்பது) பற்றிய சர்ச்சையில் பல சபைகள் இரண்டாக உடைந்தன, ஆகவே ஒரு சபையில் பெயர் இல்லையென்றால் எதிரணிச் சபையின் ஏட்டையும் கேளுங்கள். விஸ்கான்சினின் மேடிசனில் உள்ள நார்வீஜிய அமெரிக்க மரபுவழி மையத்தில் இந்தப் பதிவேடுகளின் பிரதிகள் பெரிய அளவில் உண்டு. மரணச் செய்திக்கு 1874 முதல் வந்த 'டெக்கோரா போஸ்டன்' என்ற நார்வீஜிய மொழி இதழைப் பாருங்கள்.

பிள்ளைகளின் பெயரும் துப்புதான். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது வழக்கம். மனைவி இறந்து மறுமணம் செய்தால் முதலில் பிறக்கும் மகளுக்கு இறந்தவரின் பெயரை வைப்பதும் உண்டு. அதைப் பார்த்துத் தாயையும் மகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏட்டுச்சுவடி

மிக்க நன்றி. ஃபில்மோர் நீதிமன்றத்தின் எண்ண அறிவிப்புத் தாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அதில் 'ஸ்வீடன், நார்வே மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்று வருகிறது. ஸ்வீடன்காரராக இருக்குமோ?

பதில்: கடல்வழி

இல்லை. 1814 முதல் 1905 வரை இரு நாட்டுக்கும் ஒரே மன்னர். அந்த வாசகம் எல்லா நார்வேக்காரர் தாளிலும் வரும்.

கப்பலை நியூயார்க்கில் தேடியதுதான் சிக்கல். 1849-இல் பிரிட்டன் தன் கப்பல் சட்டங்களைத் தளர்த்தியபின், நார்வேக் கப்பல்கள் கியூபெக்கில் ஆட்களை இறக்கி மரம் ஏற்றித் திரும்பின. 1869-இலும் அந்த வழி பெரிதாக நடந்தது. கியூபெக் பட்டியல்கள் 1865 முதல் கிடைக்கின்றன. அங்கிருந்து பேரேரிகள் வழியாக மேற்கே வந்தவர்களுக்கு அமெரிக்கத் துறைமுகப் பதிவே இருக்காது.

கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ), ட்ரொன்ஹெய்ம் காவல் துறையின் புறப்பாட்டுப் பதிவேடுகள் 1867 முதல் உண்டு, பெர்கனில் 1874 முதல். அதில் உள்ள கப்பல் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஹல் துறைமுகம் வரை போகும் சின்னக் கப்பல். அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், பிறகு வேறு கப்பல். ஆகவே இரண்டு பட்டியலிலும் ஒரே கப்பல் பெயரை எதிர்பார்க்காதீர்கள்.

வட்டாரம் தெரிந்ததும் நார்வேயின் டிஜிட்டல் காப்பகத்தில், இலவசமாகவே, திருச்சபை ஏட்டைத் திறக்கலாம். வெளியேறியோர் பட்டியலில் 1869-ஐப் பாருங்கள், பிறகு உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவு: சுமார் 15 வயதில் நடக்கும், பிறந்த தேதி, பெற்றோர், பண்ணை, அம்மைத் தடுப்பூசி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஞானஸ்நானத்தைவிட இதுவே சரியான ஆளை உறுதிசெய்ய உதவும். முன்பு இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைத்திருப்பார்கள் என்பதால், ஞானஸ்நானம் கிடைத்ததும் சில ஆண்டுகளுக்கு அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

1865 நார்வேக் கணக்கெடுப்பில் உங்கள் குடும்பம் இன்னும் ஊரில்தான் இருந்திருக்கும். அதில் வயது நடப்பு ஆண்டையும் சேர்த்து எழுதப்பட்டது, எடுத்த நாள் டிசம்பர் 31. '20' என்று இருந்தால் முடிந்த வயது 19, பிறந்த ஆண்டு 1846; 1845 அல்ல. தேடும்போது å எழுத்தை aa என்றும் போடுங்கள், பழைய ஏடுகளில் அப்படித்தான் எழுதினார்கள்.