ஒன்றரை மாதமாக நடந்தும் வயிறு குறையவில்லை: எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

அம்பை கடைக்காரர்
அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை மாதமாக நாள் தவறாமல் காலையில் நடக்கிறேன். எடையும் இறங்கவில்லை, வயிறும் இறங்கவில்லை. எங்கள் கடைக்கு எதிரே புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று மைத்துனர் சொல்கிறார், வீட்டிலோ யோகாசனம் போதும் என்கிறார்கள். கொழுப்புக் கரைவதற்கு எது சிறந்த பயிற்சி என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள். நாளை மறுநாள் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தென்கரை வாசி
அண்ணாச்சி, உங்கள் வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைச் சொல்லாமல் யாரால் விடை சொல்ல முடியும்? எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் நடக்கிறீர்கள்? நாள் முழுதும் அமர்ந்து பார்க்கும் வேலையா? முட்டுவலி ஏதும் உண்டா?

வண்ணார்பேட்டை நடையர்
இதே கேள்வியை மாதத்திற்கு ஒருவராவது இங்கே கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் அதே விடையை எழுதுகிறேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வருவதில் யாருக்கும் நட்டமில்லை. பதினெட்டு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடந்து வரும் அனுபவத்தில் சொல்கிறேன். நடக்கும்முன் காபி உட்பட எதுவும் வயிற்றில் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் நடந்தால்தான் உடல் தன் இருப்பிலுள்ள கொழுப்பை எடுத்து எரிக்கும். நீங்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கிறீர்கள் என்பது கேள்வியிலிருந்தே தெரிகிறது.

கம்பு வீச்சு
நடை, ஜிம் என்று அலைவதைவிட, நம் பக்கத்தில் சிலம்பம் கற்றுத்தரும் ஆசான்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரிடம் சேருங்கள். அரை மணி நேரம் கம்பு சுற்றினால் தோள், இடுப்பு, கால் மூன்றும் சேர்ந்து உழைக்கும். அடிவரிசையைப் பிடித்துவிட்டால் ஓடுவதற்கு ஈடாக மூச்சு வாங்கும்.

பேட்டை இளைஞர்
வயிறு குறைய வேண்டுமென்றால் வயிற்றுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு நூறு முறை படுத்து எழுங்கள், ஒரு மாதத்தில் தெரியும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்
தம்பி, அப்படிச் செய்தால் வயிற்றுத் தசை வலுப்படும், அதன்மேல் படிந்திருக்கும் கொழுப்பு அந்த இடத்திலிருந்து மட்டும் கழன்று போகாது. உடல் தன் கொழுப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை நாம் அசைக்கும் தசை தீர்மானிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் நின்ற எனக்கு மிக அதிகமாகத் திருத்த வேண்டியிருந்தது இந்த நம்பிக்கையைத்தான். கேள்வி கேட்டவர் தென்கரை வாசிக்கு விடை எழுதட்டும், பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அம்பை கடைக்காரர்
மன்னிக்கவும், கடையில் கூட்டம். வயது 47. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. பலசரக்குக் கடை என்பதால் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை கல்லாவில்தான் இருப்பேன். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி ஆற்றுப்பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வரை போய்த் திரும்புவேன், 45 நிமிடம் ஆகும். வெறும் வயிற்றில்தான் நடக்கிறேன், ஐயா. சாப்பாடு எல்லோரையும் போலத்தான். முட்டுவலி இல்லை.

தென்கரை வாசி
இடுப்புச் சுற்றளவை விட்டுவிட்டீர்கள். "எல்லோரையும் போல" என்பதற்கும் எனக்குப் பொருள் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொதியும் அப்பளமும் எல்லா வீட்டிலும் உண்டு, அளவுதானே வேறு.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்
இப்போது கணக்குப் போடலாம். உங்கள் எடையும் உயரமும் சேர்ந்து தரும் உடல் நிறை எண் ஏறத்தாழ 30. நம் நாட்டவர்க்கு 23-க்கு மேல் அதிக எடை என்றும் 25-க்கு மேல் உடற்பருமன் என்றும் வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே தையற்காரர் வைத்திருக்கும் நாடாவால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளந்து எழுதி வையுங்கள். தராசு அன்றாடம் உப்புக்கும் தண்ணீருக்கும் தக்கபடி ஏறி இறங்கும், நாடா அவ்வளவாக ஏமாற்றாது.

84 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருக்கக்கூடியதைவிடக் கூடுதலாக 150 முதல் 200 கலோரி வரைதான் செலவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் நடை மட்டும், உணவில் ஒரு பிடி கூடாமல் இருந்தால்கூட, ஒன்றரை மாதத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவைத்தான் கரைக்கும். நடந்த பிறகு டீக்கடையில் சீனி போட்ட ஒரு டீயும் இரண்டு வடையும் உள்ளே போனால் அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். நடை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை, இதயத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் அது செய்யும் நன்மை தராசில் தெரியாது.

நடையில் விடுபட்டுப்போவது தசை. உணவைக் குறைத்து நடை மட்டும் நடப்பவர் எடை இழக்கும்போது கொழுப்போடு தசையையும் சேர்த்தே இழக்கிறார். அதைத் தடுப்பதற்குத்தான் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வலுப்பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாட்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துத்தான் கேட்கிறது. அதற்கு ஜிம் கட்டாயமில்லை. கடையில் உட்காரும் முக்காலியில் அமர்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை (அதுவே 5 கிலோ எடைதான்) இடுப்பளவுக்கு இழுத்துத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது ஆகிய நான்கும் தொடக்கத்திற்குப் போதும். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சற்றே கடினமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் சுவரிலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து தரைக்கும் இறங்குங்கள், கேனை மாற்றிக் குடத்தைத் தூக்குங்கள். இப்படிப் படிப்படியாகக் கூட்டாதவர் ஜிம்மில் பணம் கட்டினாலும் இரண்டாம் மாதத்தில் நின்ற இடத்திலேயே நிற்பார்.

அம்பை கடைக்காரர்
மிக்க நன்றி ஐயா. டீயும் வடையும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் ஆசைக்குச் சாப்பிடுவதில்லை. நடந்து திரும்பும்போது பாலத்தருகே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், ஏதாவது வாயில் போடாவிட்டால் கீழே விழுந்துவிடுவேனோ என்றிருக்கும். வடை உள்ளே போனதும் சரியாகிவிடும்.

வண்ணார்பேட்டை நடையர்
அது கொழுப்பு எரிவதன் அடையாளம்தான். உடல் பழகிக்கொள்ளும் வரை முதல் இரண்டு மாதங்கள் அப்படித்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வடையை நிறுத்துங்கள்.

செவிலியர் ஒருவர்
தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி, முதலில் என் கேள்விக்கு விடை சொல்லுங்கள். நீங்கள் ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? குறிப்பாகச் சர்க்கரைக்கு?

அம்பை கடைக்காரர்
ஆமாம் தாயி, நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. காலை மாத்திரையை நடக்கக் கிளம்பும்போதே போட்டுவிடுவேன், வந்த பிறகு மறந்துவிடும். கொழுப்புக் குறைக்கும் கேள்விக்கு இது தேவைப்படாது என்று எண்ணித்தான் எழுதவில்லை.

செவிலியர் ஒருவர்
எல்லாவற்றிற்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டியது அதுதான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அளவுக்குக் கீழே இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும், அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு, இரவு முழுதும் உண்ணாத வயிற்றோடு 45 நிமிடம் நடக்கிறீர்கள். தசையும் தன் பங்குக்கு இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. கை நடுக்கம், வியர்வை, தாங்க முடியாத பசி, சாப்பிட்டதும் சரியாவது என்ற வரிசையைக் கேட்டால் லோ சுகர் (இரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவது) என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். உடல் உயிர் காக்கக் கேட்கும் உணவை மன உறுதியால் அடக்கக் கூடாது.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே நடையை நிறுத்தி உட்காருங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் இரத்தச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் சோதிப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். வடையில் எண்ணெய் இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும், அவசரத்திற்கு உதவாது. மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த இழையில் எழுதியதை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேளையையோ அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார். கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் எடையைச் சற்றே ஏற்றக்கூடியவை என்பதால், எடை குறைக்க முயல்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

வண்ணார்பேட்டை நடையர்
எனக்கும் சர்க்கரை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்லை. வெறும் வயிற்றில் கொழுப்பு அதிகம் எரிகிறது என்பதை மறுக்க முடியுமா?

செவிலியர் ஒருவர்
நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பின் பங்கு சற்றுக் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை, அண்ணாச்சி. ஆனால் மீதிப் பொழுதில் உடல் அதை ஈடுசெய்துவிடுகிறது. உண்ணும் மொத்தக் கலோரி ஒன்றாக இருந்தால், வாரக்கணக்கில் பார்க்கும்போது வெறும் வயிற்றில் நடந்தவருக்கும் உண்டு நடந்தவருக்கும் கரைந்த கொழுப்பில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

வண்ணார்பேட்டை நடையர்
மெட்ஃபார்மின் மட்டும்.

கம்பு வீச்சு
நடைக்கு இவ்வளவு ஆபத்து இருக்கும்போது, மாலையில் ஆசானோடு கூட்டமாகச் செய்யும் சிலம்பத்தை ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்
சிலம்பத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துச் சென்றவன் நான். ஆயினும் இரவு பத்து மணி வரை கல்லாவில் இருப்பவர் மாலை வகுப்புக்கு எப்படி வருவார்? தவிர, கம்பு சுற்றுவது மூச்சுக்கும் மூட்டு அசைவுக்கும் நல்லதென்றாலும், வாரந்தோறும் சுமையை ஏற்றிக்கொண்டே போகும் வலுப்பயிற்சிக்கு அது முழு மாற்றாகாது.

கம்பு வீச்சு
ஆசான் சொல்லும் நிலைகளில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள், ஐயா. தொடை நடுங்குவதைவிட வேறு என்ன சுமை வேண்டும்? விடுமுறை நாளில் ஒரு மணி நேரமாவது அவர் வரலாம்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்
நிலைகளைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவரைப் பார்த்த பிறகு, வலுப்பயிற்சி நாட்களில் ஒன்றுக்கு மாற்றாக அவர் அதைச் செய்யலாம்.

தென்கரை வாசி
கடைக்காரர் அண்ணாச்சி, மருத்துவரைப் பார்த்தீர்களா? இடுப்புச் சுற்றளவையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

தென்கரை வாசி
இரண்டு வாரம் ஆகிவிட்டது. நலமாக இருக்கிறீர்களா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

அம்பை கடைக்காரர்
ஏழு வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும், திருவிழா வியாபாரம். மருத்துவர் மாத்திரையை மாற்றிவிட்டார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவிலேயே 15 நிமிடம் நடக்கிறேன். நடுக்கம் வருவதில்லை, அதனால் டீக்கடைப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. முக்காலியும் தண்ணீர்க் கேனும் வாரம் மூன்று நாள். எடை 82. இடுப்பு அன்று 104, இன்று 101. ஜிம்முக்குப் பணம் கட்டவில்லை. தாயிக்கு நன்றி.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்
மிகுந்த மகிழ்ச்சி. சுவரிலிருந்து திண்ணைக்கு இறங்கிவிட்டீர்களா, அல்லது இன்னும் சுவரில்தான் தண்டால் எடுக்கிறீர்களா?