"இயேசு கண்ணீர் விட்டார்": அடக்க வீட்டில் அழக்கூடாதென்று யார் சொன்னது?

நாசரேத்துக்காரன் | காலை 7:12

ஒரு அடக்க ஆராதனை வீடியோ வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி என்னிடமும் வந்து சேர்ந்தது. பேச்சாளர் பேர் வேண்டாம். பெட்டி நடுவீட்டில் இருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இவர் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்: "கர்த்தருடைய வருகைக்குக் காத்திருக்கிற வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. லாசருவின் கல்லறையில் இயேசு அழுதது செத்தவனுக்காக இல்லை, சுற்றி நின்றவர்களின் அவிசுவாசத்தைப் பார்த்து." உடனே இரண்டு பேர் அவளைத் தோளோடு பிடித்து உள்ளே கூட்டிப்போகிறார்கள்.

எனக்கு ஒரே கேள்விதான். லாசரு செத்ததையும் இயேசு அவனை எழுப்பியதையும் சொல்கிற யோவான் 11இல் அவிசுவாசத்துக்காக அழுதார் என்று எந்த வசனம் சொல்கிறது? 33ஆம் வசனம், லாசருவின் சகோதரி மரியாள் அழுவதையும் கூட வந்தவர்கள் அழுவதையும் கண்டு அவர் ஆவியிலே கலங்கித் துயரமடைந்தார் என்கிறது. 35இல் கண்ணீர். இடையில் அவிசுவாசம் எங்கே வந்தது?

எக்காளத்தொனி | காலை 8:40

ஸ்தோத்திரம் பிரதர். அந்தச் செய்தியை நானும் கேட்டேன். ஆவியானவர் பேசினார். 37ஆம் வசனத்தை வசதியாக விட்டுவிட்டீர்களே? "குருடனுடைய கண்களைத் திறந்த இவர், இவனைச் சாகாமலிருக்கப்பண்ணவும் கூடாதா" என்று முறுமுறுத்தார்கள். 38இல் இயேசு மறுபடியும் கலங்கினார். 40இல் லாசருவின் இன்னொரு சகோதரி மார்த்தாளிடம் "நீ விசுவாசித்தால்" என்கிறார். இது அவிசுவாசம் இல்லையென்றால் வேறென்ன? ஐந்து நிமிஷத்தில் எழுப்பப்போகிறவனுக்காக யாராவது அழுவார்களா?

நாசரேத்துக்காரன் | காலை 8:58

37 எதற்குப் பிறகு வரும் பிரதர்? 35க்குப் பிறகு. கண்ணீர் முதலில், முறுமுறுப்பு பின்னால். இன்னும் வராத முறுமுறுப்புக்கு முன்கூட்டியே அழுதாரா?

மார்த்தாளை அவிசுவாசி ஆக்குகிறீர்கள். 24ஆம் வசனத்தில் கடைசிநாளில் அவனும் உயிர்த்தெழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன் என்கிறாள். 27இல் நீரே கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறாள். உங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு இதற்குமேல் என்ன கேட்பீர்கள்? உயிர்த்தெழுதலும் தெரியும், கர்த்தரையும் தெரியும், அந்த வீட்டில்தான் அழுகை நடக்கிறது. எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவர் கூட நின்று அழுதார். என் நம்பிக்கையே அங்கேதான் நிற்கிறது, அதைப் பிடுங்காதீர்கள்.

தூத்தூர்க்கரை | காலை 9:30

அண்ணாச்சி சொல்றது சரி. 36ஐயும் சேர்த்துக்கங்க. அங்க நின்ன யூதர்களே "இவன்மேல் எவ்வளவு அன்பு" என்றுதான் சொன்னாங்க. கண்ணால பார்த்தவங்க சொன்ன காரணம் அதுதான்.

எக்காளத்தொனி | காலை 9:41

சிஸ்டர், அதைச் சொன்னது யூதர்கள். அவர்கள் எப்போது இயேசுவைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்? அதே கூட்டத்தில் சிலர் போய்ப் பரிசேயரிடம் கோள் சொன்னார்கள், 46ஆம் வசனம். அவர்களையா சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்?

1 தெசலோனிக்கேயர் 4:13ஐ வாசியுங்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதினார். சகோதரர்கள் எக்காளம் தொனிக்கும் நாளை எண்ணிக் களிகூர வேண்டும். ஒப்பாரி வைப்பது புறஜாதி வழக்கம்.

நாசரேத்துக்காரன் | காலை 10:15

அந்த நிருபம் ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? கி.பி. 50, 51 வாக்கில் எழுதியது. தெசலோனிக்கே சபை புதுச் சபை. பவுல் அங்கே கொஞ்ச நாள்தான் இருக்க முடிந்தது, இராத்திரியோடு இராத்திரியாக பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கர்த்தர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த ஜனங்கள். அதற்குள் சபையில் சிலர் செத்துப்போனார்கள். அப்படியானால் வருகையில் இவர்களுக்குப் பங்கில்லையா என்று தவித்தார்கள். அந்தத் தவிப்புக்குப் பதில்தான் 14 முதல் 17 வரை: கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், உயிரோடிருக்கிறவர்கள் அவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை. 18ஆம் வசனம், இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிகிறது. அழுகிறவர்கள் இருந்தால்தானே தேற்ற முடியும்? அழுகையே குற்றமென்றால் கடிந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருப்பார்.

அப்போஸ்தலர் 8:2ஐயும் பாருங்கள். ஸ்தேவானை அடக்கம்பண்ணியவர்கள் தேவபக்தியுள்ள மனுஷர், அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள். இயேசு பிதாவின் வலதுபாரிசத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே செத்தவன் ஸ்தேவான். அவனுக்கே அழுதார்கள். அவர்கள் புறஜாதியா?

யோவான் 11:35க்கு இன்னும் பதில் வரவில்லை.

வழிப்போக்கன் | காலை 10:50

2000 வருஷமா வருகிறேன் வருகிறேன் என்றவர் வரவில்லை. அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22க்கு ஒரு கூட்டமே காத்திருந்து ஏமாந்தது. 2011 மே 21 என்று இன்னொருத்தர் தேதி குறித்தார். நீங்கள் யார் எதற்காக அழுதார் என்று மல்லுக்கட்டுகிறீர்கள்.

எக்காளத்தொனி | காலை 10:56

அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர்தவிர வேறொருவனும் அறியான், மத்தேயு 24:36. தேதி குறித்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை.

நாசரேத்துக்காரன் | காலை 11:02

வழிப்போக்கன், உங்களுக்குத் தனி இழை திறந்து பதில் சொல்கிறேன். இங்கே விஷயம் லாசருவின் கல்லறை.

தூத்தூர்க்கரை | காலை 11:35

நான் எங்க கரையில நடந்ததைச் சொல்லிடறேன். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்ப தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆழ்கடல் போனவங்க எத்தனையோ பேர் திரும்பல. உடம்பும் கிடைக்கல. பெட்டி இல்ல, குழி இல்ல, போட்டோவை வச்சுப் பூசை வச்சோம். அந்த அம்மாக்கள்கிட்டப் போய் அழாதீங்கன்னு எந்தச் சாமியாரும் சொல்லல. கடல் தன்கிட்ட இருக்கிற செத்தவங்களைத் திருப்பிக் கொடுக்கும்னு திருவெளிப்பாடு 20ல இருக்கு. அதை வாசிச்சாங்க. வாசிக்கும்போது கோயில் முழுக்க அழுதுச்சு. எங்களுக்கு வருகைன்னா அதுதான், கடல் அவங்களைத் திருப்பிக் கொடுக்கிற நாள். அழுதுக்கிட்டேதான் நம்பினோம்.

புனித அகுஸ்தினாரை எடுத்துக்கங்க. 387இல் ஓஸ்தியாவுல அம்மா மோனிக்கா இறந்தப்ப அகுஸ்தினாரோட மகன் வாய்விட்டு அழுதான், பெரியவங்க அடக்கினாங்க. அகுஸ்தினாரும் கண்ணீரை அடக்கிக்கிட்டார். அப்புறம் தனியா இருக்கும்போது அழுது தீர்த்தார். அதை அவரே எழுதி வச்சிருக்கார்.

எக்காளத்தொனி | பகல் 12:05

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் சிஸ்டர். ஆனால் போட்டோவுக்குப் பூசை, நவம்பர் 2இல் கல்லறைக்கு மெழுகுவர்த்தி, பூமாலை, இதெல்லாம் எந்த வசனம்? அகுஸ்தீன் வசனமா?

தூத்தூர்க்கரை | பகல் 12:11

போட்டோவுக்குப் பூசை வைக்கல. இறந்தவங்களுக்காகக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தோம். வித்தியாசம் தெரியலைன்னா கேளுங்க, சொல்லித்தரேன். நவம்பர் 2ங்கிறது பிரான்ஸ்ல க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ பத்தாம் நூற்றாண்டுக் கடைசியில தொடங்கி வச்ச நாள். உங்க சபை அன்னிக்கு எங்க இருந்துச்சு?

எக்காளத்தொனி | பகல் 12:14

அப்போஸ்தலர் 2இல், பெந்தெகொஸ்தே நாளில் இருந்தது.

மெஞ்ஞானபுரத்தாள் | பகல் 12:40

இரண்டு பேரும் மெழுகுவர்த்தியை விடுங்கள். அண்ணன் எக்காளத்தொனி, நான் அம்மாவை இழந்தவள். ஜெபிக்க வந்த ஒருவர், "அம்மா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார், நீ அழுதால் அவருக்கு வருத்தம்" என்றார். நான் மாதக்கணக்கில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் போதனையால் யாரும் அழுகையை நிறுத்தவில்லை, ஒளித்துவைக்கிறார்கள்.

எக்காளத்தொனி | பகல் 1:20

சிஸ்டர், உங்களை யாரும் நோகடிக்கவில்லை. விசுவாசத்தில் வளர வேண்டும் என்றுதான் சொல்கிறோம். இரகசிய வருகை சமீபம். நாம் ஆகாயத்தில் அவர்களைச் சந்திக்கப்போகிறோம். உங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிரசங்க பீடங்களில் வருகையைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினார்கள்? சபைத் தேர்தல் வழக்குக்குக் கோர்ட்டுக்கு ஓடவே உங்களுக்கு நேரம் போதவில்லை.

நாசரேத்துக்காரன் | பகல் 1:48

தேர்தல் அசிங்கத்தை நான் எங்கேயும் நியாயப்படுத்தியதில்லை, போன மாத ஞானஸ்நான இழையிலும் இதையே இழுத்தீர்கள். ஆனால் வாராவாரம் விசுவாசப்பிரமாணத்தில் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று எழுந்து நின்று சொல்கிற சபை எங்களுடையது.

இரகசிய வருகை என்றீர்கள். 1 தெசலோனிக்கேயர் 4:16இல் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். இதில் எது இரகசியம்? வருகையை இரகசியம், பகிரங்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பரப்பியது 1830களில் பிரதரன் கூட்டத்து டார்பி. 1909இல் ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்பால் ஊரெல்லாம் போனது.

எக்காளத்தொனி | பகல் 2:10

டார்பி கூட்டத்துக்காரர்தான் மிஷனரி க்ரோவ்ஸ். அவரோடு ஊழியத்தில் நின்றவர் உங்கள் திருநெல்வேலி அருளப்பன் ஐயா. 1860 எழுப்புதலை மட்டும் மேடையில் பெருமையாகச் சொல்வீர்கள், உபதேசம் என்றால் அடிக்குறிப்பா?

நாசரேத்துக்காரன் | பகல் 2:31

அருளப்பன் ஐயாவை மிஷனரி ரேனியஸ் வளர்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1860இல் அந்தக் கூட்டங்களில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அழுதார்கள். பாவத்துக்காக மாரடித்து அழுதார்கள். அதை ஆவியானவரின் கிரியை என்கிறீர்கள். பெற்ற பிள்ளைக்காக அழுதால் மட்டும் அவிசுவாசமா?

லூத்தரைக் கேளுங்கள். 1542இல் மகள் மக்தலேனாளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா கையிலேயே செத்தாள். அவள் சமாதானமாக இருக்கிறாள் என்று தெரிந்தும் இவ்வளவு துக்கமாக இருக்கிறதே என்று அழுதார். கடைசிநாள் வரட்டும் என்று ஏங்கிய மனுஷன் அவர். வருகையை நம்பாதவரா?

யோவான் 11:35. வசனம் காட்டுங்கள்.

எக்காளத்தொனி | பகல் 2:44

காட்டிவிட்டேன். 37, 38, 40.

நாசரேத்துக்காரன் | பகல் 2:46

35க்குப் பின்னால் வருகிறவை. முன்னால் இருப்பதைக் காட்டுங்கள்.

எக்காளத்தொனி | பகல் 3:05

சரி, லூக்கா 7:13. நாயீன் ஊர் விதவை. ஒரே மகன் பாடையில் போகிறான். கர்த்தர் அவளைப் பார்த்து "அழாதே" என்றார். கர்த்தரே சொன்ன கட்டளை. இப்போது என்ன சொல்வீர்கள்? லூத்தர் பெரியவரா, கர்த்தர் பெரியவரா?

மெஞ்ஞானபுரத்தாள் | பகல் 3:12

முழு வசனத்தையும் போடுங்கள் அண்ணன். "அவள்மேல் மனதுருகி" என்பதை விட்டுவிட்டீர்கள்.

நாசரேத்துக்காரன் | பகல் 3:20

அடுத்த வசனத்தையும் போடட்டும். கிட்ட வந்து பாடையைத் தொட்டார், மகன் எழுந்து உட்கார்ந்து பேசினான், அவனைத் தாயிடம் ஒப்புவித்தார். அழாதே என்று சொன்ன வாயோடு மகனைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். உங்கள் ஊழியரும் அந்தப் பெட்டியைத் தொட்டு அவள் புருஷனை எழுப்பிக் கையில் கொடுக்கட்டும், பிறகு அழாதே என்று சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த வார்த்தை கர்த்தருடையது. அவர் வருகிற நாளில் அவரே ஒவ்வொரு கண்ணீரையும் துடைப்பார். மைக் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை.

எக்காளத்தொனி | பகல் 3:33

தேவனுடைய ஊழியரைப் பரியாசம் பண்ணுகிறீர்கள். எலிசாவைப் பரியாசம் பண்ணிய பிள்ளைகளைக் கரடிகள் பீறியது 2 இராஜாக்கள் 2இல் இருக்கிறது.

தூத்தூர்க்கரை | பகல் 3:36

இப்ப கரடியை ஏவுறீங்களா?

மட்டுறுத்துநர் | பகல் 3:50

சாபம், சபை ஒப்பீடு, தேர்தல் வழக்கு மூன்றும் இங்கே வேண்டாம். மெழுகுவர்த்திக்குத் தனி இழை திறந்திருக்கிறேன்.

எக்காளத்தொனி | பகல் 3:58

நான் யாரையும் சபிக்கவில்லை, வசனம் சொன்னேன். யூதர்கள் சொன்னதைச் சாட்சியாக எடுத்தவர்களுக்கு வசனம் கசக்கத்தான் செய்யும்.

நாசரேத்துக்காரன் | மாலை 4:03

யூதர்களை விடுங்கள். 33ஆம் வசனத்தை எழுதியது யோவான். யோவானையும் தள்ளப்போகிறீர்களா?